நெற்களத்தில் ஒரு கோல்கீப்பர்

என் அக்காவின் வேலை பனித்தரையில் ஹாக்கி விளையாடுவது. கல்லூரியில் யாரிடமாவது இதைச் சொல்ல நேர்ந்தால், "கள்ளக்குறிச்சியிலயா?" என்ற கேள்வி உடனே வரும். இங்கே இல்லை, குளிர்காலத்தில் குளங்கள் இறுகி உறைந்துபோகும் வடக்கு மலைநாட்டில். அக்கா எல்லைக் காவல் படையில் காவலராகச் சேர்ந்தவள். பள்ளியின் மண் மைதானத்தில் அவள் ஹாக்கி கோல்கீப்பராக இருந்தவள் என்பதால், படையில் பெண்களுக்குப் பனி ஹாக்கி அணி அமைத்தபோது அவளையும் அழைத்தார்கள். அணியில் இருக்கும்வரை பயிற்சியும் ஆட்டமும்தான் அவளுடைய பணி. இடம் போய்விட்டால் துப்பாக்கியுடன் காவலுக்குத் திரும்ப வேண்டும். எங்களுக்குத் தெரிந்த தொழில்முறை ஆட்டம் இதுதான்.

முதல் நாள் பனித்தரையில் இறங்கியபோது, நடப்பதுபோல் காலைத் தூக்கி வைத்தவர்கள் எல்லோரும் விழுந்திருக்கிறார்கள். அக்கா தூக்கவில்லை. பாதங்களைத் தரையோடு தள்ளிக்கொண்டே மறுகரை வரை போயிருக்கிறாள். அன்று மாலை தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னாள்:

"யம்மா, இங்க எல்லாரும் அதிசயமா பாக்குறாங்க. எனுக்கு நம்ம களத்துல நெல்லு கெளர்ற மாதிரிதான் கீது."

அம்மா வேலை செய்வது கள்ளக்குறிச்சியில் ஓர் அரிசி ஆலையின் களத்தில். அவித்த நெல்லைச் சிமெண்டுத் தரையில் பரப்பியபின், பெண்கள் வரிசையாக நின்று, பாதத்தை எடுக்காமல் தள்ளிக்கொண்டே களத்தின் மறுமுனைக்குப் போவார்கள். பாதம் போன தடத்தில் நெல் இருபுறமும் புரண்டு கோடு விழும். அடியில் இருந்த ஈரம் வெயிலுக்கு வரும். காலைத் தூக்கி வைத்தால் நெல் மிதிபடும், திட்டும் வாங்க வேண்டும். பள்ளி விடுமுறைகளில் நாங்கள் இருவரும் அந்த வரிசையில் நடந்திருக்கிறோம். நான் முணுமுணுத்துக்கொண்டு நடந்த நாட்களை அக்கா மூலதனமாக்கிக்கொண்டாள் என்று பிற்பாடு எனக்குத் தோன்றியது.

சென்ற ஆண்டு ஒரு பயிற்சி ஆட்டத்தில் இருவர் அவள்மீது வழுக்கி விழுந்தார்கள். வலது முழங்காலுக்குள் ஜவ்வு கிழிந்தது. அங்கேயே அறுவை சிகிச்சை முடித்து, நீண்ட விடுப்பில் வீட்டுக்கு அனுப்பினார்கள். விடுப்பு முடிந்து திரும்பும்போது அணிக்கான தேர்வு ஒன்று உண்டு. அவளுடைய இடத்தில் அவளைவிட இளைய ஒரு பெண் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள்.

வீக்கத்துக்கு ஐஸ் வைக்க வேண்டும் என்பது மருத்துவரின் கட்டளை. எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. கல்லூரி விட்டு வரும்போது மீன் கடையில் உடைத்த ஐஸை ஒரு பையில் வாங்கி வருவது என் பொறுப்பாயிற்று. அம்மாவுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"ஐஸாலதானே முட்டியே கெட்டுது? அதையே தூக்கியாந்து அது மேலயே வெக்கிற. படிப்பு ஜாஸ்தியாயி மூள கம்மியாயிடுச்சாடி உனுக்கு?"

அம்மா பிறந்தது கல்வராயன் மலையில். வெள்ளிமலைப் பக்கத்தில் சாமை விதைக்கும் மாமா, ஏதோ தைலத்தைக் காய்ச்சிப் பாட்டிலில் ஊற்றிப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பினார். நெடுநேர வாதத்துக்குப் பிறகு ஓர் உடன்பாடு ஏற்பட்டது: மாலையில் ஐஸ், அந்த ஈரம் காய்ந்தபின் தைலம். அக்காவின் முழங்காலில் மீனும் மூலிகையும் சேர்ந்து மணந்தன.

"எங்க டாக்டர் இந்த வாசனைய புடிச்சாருன்னா, என்னைய டீமுல போட மாட்டாரு. கொழம்புல போட்டுடுவாரு" என்றாள் அக்கா.

நடை சீரானதும் மாலைப் பயிற்சியைக் களத்தில் தொடங்கினாள். வெயில் தாழ நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போர்த்திவிட்டால் அந்தப் பெரிய சிமெண்டுத் தரை வெறுமையாகிவிடும். ஆலைக்காரர் மறுப்புச் சொல்லவில்லை. நெல்லின்மீது சக்கரம் ஏறக்கூடாது என்று மட்டும் சொன்னார். அக்கா சக்கரக் காலணியும் கால்காப்பும் அணிந்துகொள்வாள். இரண்டு உமி மூட்டைகள் கோல் கம்பங்களாயின. வேலை முடிந்து ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கும் பெண்கள், நெல் தள்ளும் பலகையால் ரப்பர் பந்தை அவளை நோக்கி அடித்தார்கள். அவர்களில் முரட்டு அடி, அம்மாவின் கூட்டத்துக்கு மேஸ்திரியாக இருந்த பெண்ணுடையது. அவரை நாங்கள் அத்தை என்போம்.

"கவர்மெண்டு உனுக்கு சும்மாவாடி சோறு போடுது? புடி பாக்கலாம்!"

"அத்த, மெதுவா அடிங்க. இது நெல்லு இல்ல, நானு."

பந்து மூட்டைகளுக்கு இடையே போய்விட்டால் அத்தை பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "போச்சு, நாட்டு மானமே போச்சு!" என்பார். ஆட்டோ வந்து நின்று ஒலியெழுப்பினாலும், இன்னும் ஒன்று அடித்துவிட்டுத்தான் ஏறுவார்கள்.

நான் ஓரமாக நின்று பந்து பொறுக்கிப் போடுபவள். அதனால் ஒன்றைக் கவனித்தேன். உயரமாக வருவதை அக்கா கையால் பிடித்தாள். தரையோடு வருவதை மட்டையால் தடுத்தாள், அல்லது விட்டுவிட்டாள். கோல்கீப்பர் செய்ய வேண்டிய முதன்மையான காரியத்தை, அதாவது இரண்டு முழங்கால்களையும் ஒருசேரத் தரையில் ஊன்றி, கீழ்க்கால்களை இருபுறமும் விரித்துக் கோலின் அடிப்பகுதியை அடைப்பதை, அவள் ஒருமுறைகூடச் செய்யவில்லை.

பெண்கள் போனபின் கேட்டேன். "நீ மண்டி போடவே மாட்டேங்கிறியே, வலிக்குதாக்கா?"

அவள் காலணியின் வார்களை அவிழ்த்துக்கொண்டே பேசினாள். "வலி இல்ல. போடலாம்னு டாக்டரும் சொல்லிட்டாரு. கீழ போற நேரத்துல அன்னிக்கு முட்டிக்குள்ள கேட்ட சத்தம் காதுல கேக்குது. கால் நின்னுடுது." பிறகு, "அம்மாகிட்ட சொல்லாத" என்றாள். "மண்டி போடாத கோல்கீப்பர எவ டீமுல வெச்சிக்குவா?"

நான் பந்தைப் பையில் எடுத்துப் போட்டேன். விடுப்பு முடியச் சில நாட்களே இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் களத்துக்குப் போனோம். மேற்கே மலை தெரியவில்லை; அந்த இடத்தில் கறுப்பாக மேகம் நின்றது. அம்மா கை கழுவுவதற்குள் காற்று எழுந்தது.

களத்தில் ஒரு வழக்கம் உண்டு. மழை வந்தால், அங்கே இருக்கும் எவரும் நெல்லுக்கு ஓட வேண்டும். லாரி ஓட்டுநர், எடை போடுபவர், யாரையோ பார்க்க வந்தவர் என்று வேறுபாடு இல்லை. யாரும் யாரையும் கூப்பிடுவதும் இல்லை. அவித்த நெல் மழையில் நனைந்தால் நிறம் மாறி நாற்றம் எடுத்துவிடும்; அத்தனை பெண்களின் உழைப்பும் அதோடு போகும். தூக்குப்பாத்திரத்தை வைத்துவிட்டு நாங்களும் ஓடினோம். பலகைகள் நெல்லைத் தள்ளின, குவியல் ஏறியது. தார்ப்பாயின் ஒரு முனை என் கையில் இருந்தது. எதிர்முனையைக் காற்று பிடுங்கித் தூக்கியபோது, விளிம்பு நெல் வெளியே தெரிந்தது. பெரிய துளிகள் விழத் தொடங்கியிருந்தன.

அக்கா அங்கே பாய்ந்து இறங்கினாள். இரண்டு முழங்கால்களும் ஒருசேரத் தரையில் ஊன்றின. கீழ்க்கால்கள் இருபுறமும் விரிந்தன. விரித்த கால்களால் தார்ப்பாயின் விளிம்பை அழுத்திக்கொண்டு, இரு கைகளாலும் நெல்லை உள்ளே வாரித் தள்ளினாள். காற்று இடப்பக்கம் தூக்கியது. முழங்காலாலேயே இடப்பக்கம் நகர்ந்து அடைத்தாள். வலப்பக்கம் தூக்கியது, வலப்பக்கம் போனாள். நான் என் முனையை இறுக்கிப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் விளிம்பெங்கும் கல் வைத்து முடித்தார்கள்.

முதலில் பேசியது அம்மா. "எந்திரிடி, முட்டி நோவப் போவுது."

அக்கா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். ஈர நெல் ஒட்டியிருந்தது. எழவில்லை.

"நோவுலம்மா" என்றாள், அதை அப்போதுதான் தெரிந்துகொண்டவளைப் போல.

பிறகு எழுந்தாள். கொட்டும் மழையில் மறுபடி மண்டியிட்டாள். எழுந்தாள், மறுபடியும் இறங்கினாள். கொட்டகைக்குள் ஒதுங்கியிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னாடி இது? நெல்லு நனையலன்னு சாமிக்கு வேண்டுதலா?" என்று அத்தை கத்தினார்.

"ஆமாங்க அத்த! நாளைக்கு அடிங்க, பாக்கலாம்!"

அச்சம் ஒரே மழையில் கரைந்துபோனது என்று எழுதினால் அது மிகை. மறுநாள் முதல் சில பந்துகளுக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டே இறங்கினாள். ஆனால் இறங்கினாள். பலகைகள் தரையோடு அனுப்பிய பந்துகள் கால்காப்பில் மோதித் திரும்பின. அத்தைக்கு வந்த கோபம் உண்மையானது. அந்த வாரம் அவர் இரண்டு ஆட்டோக்களைத் தவறவிட்டார்.

தேர்வு முடிந்த அன்று அக்கா அம்மாவின் கைபேசிக்கு அழைத்தாள். களத்தில் சாப்பாட்டு நேரம், கூட்டமே சூழ்ந்துகொண்டது.

"எடுத்துட்டாங்கம்மா. அந்தப் பொண்ணு மொதல்ல, நான் ரெண்டாவது."

"ரெண்டாவதுன்னா? வெளிய ஒக்காந்துக்கினு இருப்பியா?"

"ஆமாம்மா. அவளுக்கு முடியலன்னா நான் எறங்கணும்."

"சரி. ஒக்காந்துக்கினு இருக்கும்போது கால நீட்டிக்க."

அக்கா அந்த வேலையிலிருந்து அனுப்பும் சம்பளத்தில்தான் நான் இலக்கியம் படிக்கிறேன். வேறு எதையாவது படி என்று வீட்டில் ஒருவரும் சொல்லாததற்கும் அவளே காரணம். அதை அவளிடம் நான் சொன்னதில்லை. எங்கள் பேச்சில் அத்தகைய வாக்கியங்களுக்கு இடம் அமைவதில்லை. மீன் கடைக்காரர், மாமா, பேருந்து ஓட்டுநர், ஒரு மட்டையைக்கூடத் தொட்டறியாமல் அவளைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்த பெண்கள் ஆகியோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் குளிர்காலத்தில் அவள் இருமுறை களம் இறங்கினாள். ஆட்டம் முடிந்து அவள் அழைக்கும்போது, வென்றார்களா தோற்றார்களா என்று கேட்க நான் கைபேசிக்குக் கை நீட்டுவேன். அம்மா தர மாட்டாள். அவளுக்கு முதலில் கேட்க வேண்டியது ஒன்று இருக்கும்.

"முட்டிக்கு ஐஸ் வெச்சியாடி?"