கேட்டால் பட்டனை அமுக்குங்க

காது கேட்கிறதா என்று பார்ப்பதுதான் என் தொழில். ஆனால் நான் சொல்வதை மட்டும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. மலேசியாவில் கோலசிலாங்கூரிலிருந்து வடக்கே சுங்கை பஞ்சாங் வரை, உள்ளே ரவாங், கலும்பாங் வரை, சத்தம் போடும் எந்திரம் எங்கே இருக்கிறதோ அங்கே எங்கள் வேன் போய் நிற்கும். வேனுக்குள் கண்ணாடி ஜன்னல் வைத்து, மெத்தை அடித்த சின்ன அறை ஒன்று. ஆளை உள்ளே உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்துக் கதவைச் சாத்துவோம். வெளியிலிருந்து நான் மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவேன். கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கே பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் உள்ளங்கை வேர்த்துவிடும்.

தினமும் காலையில் முதல் ஆள் ஏறுவதற்கு முன்னால் நானே ஹெட்போனை மாட்டி, எந்திரம் ஒழுங்காக இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துப் பதிவேட்டில் ஒரு டிக் போட வேண்டும். பதினெட்டு வருடமாக யோசிக்காமல் போட்ட டிக் அது. இந்த வருடம் பொங்கல் முடிந்து ஒரு திங்கட்கிழமை, இடது காதில் நாலாயிரம் ஹெர்ட்ஸ் ஒலி வரவில்லை. நாலாயிரம் என்றால் விசில் மாதிரி உயர்ந்த ஒலி. சத்தத்தை ஏற்றினேன், வரவில்லை. இன்னும் ஏற்றிய பிறகுதான் எங்கேயோ தூரத்தில் கேட்டது. சத்தம் தின்ற காதில் முதல் ஓட்டை விழும் இடம் அதுதான் என்று ஆயிரம் பேருக்கு நான் விளக்கியிருக்கிறேன். கேட்டுப் பார்த்துச் சொல்கிறவனுக்கே காது போனால் அவனுக்கு என்ன வேலை? சத்தத்தில் பிழைப்பு நடத்தும் என் சகோதரர்களே, அந்த நேரத்தில் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்களோ அதையேதான் நானும் சொன்னேன். எந்திரம் கெட்டுவிட்டது.

எந்திரத்தின் மேல் பழி

ஹெட்போனில் சிவப்புப் பக்கம் வலது காதுக்கு, நீலம் இடதுக்கு. நீலத்தை வலது காதில் திருப்பி மாட்டிக் கேட்டால் போதும். கேட்டுவிட்டால் எந்திரம் நன்றாக இருக்கிறது, கோளாறு காதில் என்று அர்த்தம். ஒரு நிமிட வேலை. நேற்றுச் சேர்ந்த ஆளுக்குக்கூட இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். நான் திருப்பி மாட்டவில்லை. பயமாக இருந்தது, வேறு காரணம் எதுவும் கிடையாது.

வேனில் என்னோடு வேலை பார்க்கும் சுமதியிடம் எந்திரம் சரியில்லை என்று சொல்லி, அந்த வாரப் பயணங்களைத் தள்ளிப்போட்டு, எந்திரத்தைச் சோதனைக்கு அனுப்பினேன். ஐந்தாவது நாள் பழுது பார்க்கும் தம்பி அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். எல்லா அளவையும் கருவி வைத்துப் பார்த்துவிட்டானாம். என் முகத்தைப் பார்க்காமல் ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னான்: "மெஷின்ல ஒன்னுமே இல்ல லா அண்ணே. வேற யாரையாச்சும் கேக்கச் சொல்லிப் பாத்தீங்களா?"

தாளம் தப்பாத காது

வேறு யாரையும் கேட்கச் சொல்லவில்லை. அவன் போனதும் தனியாக உட்கார்ந்து மறுபடி நானே சோதித்தேன். என்ன ஆச்சரியம், இந்தத் தடவை நாலாயிரம் கேட்டது! மறுநாளும் கேட்டது. டிக், டிக் என்று போட்டுக்கொண்டே போனேன். சளி பிடித்திருக்கும், காது அடைத்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இடது காதில் 'ஙீ' என்று ஓர் இரைச்சல் மட்டும் விடவில்லை. நான் உருமி மேளக் குழுவில் இருபது வருடமாக உருமி வாசிப்பவன். பயிற்சி முடிந்து வந்தால் காது இரையும், விடிந்தால் போய்விடும். இப்போது விடிந்தும் போகவில்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் சந்தனம் என்பவர் சோதனைக்கு வந்தார். பாய்லர் பக்கத்திலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். காதை அடைக்கும் ஏர்பிளக் இருந்தது, கழுத்தில். அது காதுக்கு ஏறியதாகவே தெரியவில்லை. அப்படிப்பட்டவருக்கு முடிவு என்னவோ பள்ளிக்கூடப் பிள்ளையின் காது மாதிரி வந்தது. எல்லா ஒலிக்கும் டாண் டாண் என்று பட்டன் விழுந்தது. நான் மூக்கில் விரல் வைத்தேன். சுமதி என் தோளைத் தட்டி, கண்ணாடி வழியே அவர் காலைக் காட்டினாள். கட்டைவிரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

தப்பு என்னுடையது. ஒலிக்கும் ஒலிக்கும் நடுவே இடைவெளி ஏறுமாறாக இருக்க வேண்டும். சில நேரம் ஒன்றும் அனுப்பாமல் சும்மா இருக்க வேண்டும். மேளக்காரன் கையாயிற்றே, என்னை அறியாமல் ஒரே அடியில் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். மறுபடி ஏறுமாறாக வைத்துப் பார்த்தேன். உயர்ந்த ஒலிகளில் பாதிக்குப் பட்டனே விழவில்லை. ஏர்பிளக்கைக் காதில் போடச் சொல்லிக் கால் மணி நேரம் அறிவுரை சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்: "நானும் உருமி செட்டுதான் அண்ணே. நீங்க அடி எடுத்துக் குடுத்தீங்க, நான் சேந்து அடிச்சேன்."

பாம்புக்கும் சரி

சுங்கை பஞ்சாங்கில் ஒரு நெல் ஆலை. உலர்த்தும் எந்திரத்தில் வேலை செய்யும் ஒருவரை அவர் மனைவியே கையைப் பிடித்து அழைத்து வந்தார். வீட்டில் என்ன சொன்னாலும் 'சரி' என்கிறாராம். "குளிக்கிற ரூம்புல பாம்பு இருக்குங்க, வாங்கன்னு கத்துறேன், 'சரி சரி'ன்னு சொல்லிட்டு டிவி பாக்குறாரு" என்று அந்த அம்மா கிட்டத்தட்ட அழுதார். அவருக்குக் குரல் கேட்கிறது, சொல்தான் பிடிபடவில்லை. எதையாவது சொல்லித் தப்பிக்க வேண்டுமே என்று 'சரி' சொல்கிறார். அந்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற நிலை எனக்கு என்னவோ செய்தது.

அந்த அம்மாவுக்கு விளக்கினேன். உட்காதில் நத்தைக் கூடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது. உள்ளே நீர். ஒலி வந்தால் நீர் அசையும், அதிலுள்ள நுண்ணிய இழைகள் வளையும், மூளைக்குச் சேதி போகும். உயர்ந்த ஒலிக்கான இழைகள் வாசல் பக்கம், தாழ்ந்த ஒலிக்கானவை உள்பக்கம். பெரிய சத்தம் வாசல் பக்கத்தைத்தான் முதலில் மிதிக்கும். செம்பனைக் காட்டில் குலை ஏற்றிய தள்ளுவண்டி ஒருநாள் போனால் புல் நிமிர்ந்துகொள்ளும். தினமும் போனால் வெறும் தடம்தான் மிஞ்சும். புல்லாவது மறுபடி முளைக்கும், இந்த இழை முளைக்காது. 'ச', 'ஸ' போன்றவற்றின் உரசல் எல்லாம் உயர்ந்த ஒலியில் இருப்பதால் அவைதான் முதலில் தொலையும். பேச்சு வரும், அதன் முனை உடைந்து வரும்.

நன்றாகத்தான் விளக்கினேன். திரும்பும் வழியில் நான் வேனை ஓட்ட, சுமதி என் இடது பக்க இருக்கையில் வழக்கம்போல ஏதோ பேசிக்கொண்டு வந்தாள். என்ஜின் சத்தம், ஜன்னல் காற்று. நான் தலையை ஆட்டி "சரிம்மா" என்றேன். அவள் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: "அண்ணே, சாப்பிட எங்க நிறுத்தலாம்னு கேட்டேன்."

மீன் லோரிக்காரர்

அதற்குப் பிறகு சுமதி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிகக் கலக்கமாக இருந்தது. நானோ காலையில் இரண்டு தடவை சோதித்துக்கொள்ள ஆரம்பித்தேன். இரண்டு தடவையும் கேட்டது. பிறகு ஏன் வேனில் கேட்கவில்லை?

விடை சுங்கை செம்பிலாங்கிலிருந்து மீன் ஏற்றும் லோரி ஓட்டுநர் ஒருவர் ரூபத்தில் வந்தது. கம்பெனி மாறப் போகிறார், காது நன்றாக இருக்கிறது என்று காட்டியாக வேண்டிய அவசரம். தாளம் போடும் ஆட்களுக்காக நான் இப்போது ஏறுமாறாகத்தான் ஒலி அனுப்புகிறேன். இவரோ ஒன்றைக்கூட விடாமல் அமுக்கினார். சந்தேகப்பட்டு, கையை அசைத்துவிட்டு ஒலியே அனுப்பாமல் இருந்தேன். அதற்கும் அமுக்கினார்! கதவைத் திறந்து கேட்டேன். திருட்டு மாட்டிக்கொண்டதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை; எனக்குத் துரோகம் செய்த மாதிரியும் நினைக்கவில்லை. பிள்ளைகள் மூன்று பேர் படிக்கிறார்கள் என்றார். பிறகு உண்மையைச் சொன்னார்: "ஒவ்வொரு தடவையும் ஒங்க தோளு லேசா அசையுது பாஸ். காது எதுக்கு, கண்ணே போதும் லா."

கதவுக்கு அந்தப் பக்கம்

அவர் இறங்கிப் போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. என்னை நானே சோதிக்கும்போது ஒலியை அனுப்பும் கை யாருடையது? என்னுடையது. அனுப்பும்போது எரியும் சின்ன விளக்கைப் பார்க்கும் கண் யாருடையது? அதுவும் என்னுடையது. ஒலி எப்போது வரும் என்று தெரிந்துகொண்டே உட்கார்ந்திருந்தால் கேட்காத ஒலியும் கேட்டதாகத்தான் தோன்றும். அவர் என்னை ஏமாற்றப் பார்த்தார், ஒரே நாளில் பிடிபட்டார். நான் மாதக்கணக்கில் என்னையே ஏமாற்றிக்கொண்டு டிக் போட்டிருக்கிறேன்.

"சுமதி, என்னைச் சோதிச்சுப் பாரு" என்றேன். அவள் ஹெட்போனை எடுத்துக் கொடுத்தாள். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினாள். ஐயா, அந்த அறை அவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எத்தனை பேரை உள்ளே தள்ளிச் சாத்தியிருக்கிறேன்! நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்டது. எச்சில் விழுங்கினால் அது ஒரு சத்தம். வலது காது முடிந்தது, பிழையில்லை. இடது காதில் தாழ்ந்த ஒலிகள் வந்தன, அமுக்கினேன். பிறகு மௌனம். ஏறுமாறாக இடைவெளி விடச் சொல்லிக் கொடுத்தவன் நான்தானே, அதைத்தான் செய்கிறாள் என்று காத்திருந்தேன். மௌனம் நீண்டது. அமுக்கலாமா, வேண்டாமா? கடைசியில் பொறுக்க முடியாமல் ஹெட்போனைக் கழற்றிக் கதவைத் திறந்து, "ஏன்மா நிறுத்திட்ட?" என்றேன். சுமதியின் கண் கலங்கியிருந்தது. "நான் நிறுத்தவே இல்லண்ணே, அனுப்பிட்டேதான் இருந்தேன்."

டாக்டர் அம்மா

வரைபடத்தைப் பார்த்தோம். இடது காதில் நாலாயிரத்தில் ஒரு பள்ளம், பாடப் புத்தகத்தில் போடலாம். உருமிக் குழுவில் என் இடது தோளை ஒட்டி நின்று பெரிய ஜால்ரா தட்டுகிறவன் என் மைத்துனன். இருபது வருடமாக அதே இடம். ஆலை ஆட்களுக்கு ஏர்பிளக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் வெறுங்காதோடு அங்கே போய் நிற்பேன். மேளம் சாமி காரியம், அது எப்படிக் காதைக் கெடுக்கும் என்று நினைத்திருந்தேன் போல. காதுக்குள் இருக்கும் இழைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

வேன் சோதனைகளுக்குப் பொறுப்பான எங்கள் டாக்டர் அம்மாவிடம் பதிவேட்டைக் கொண்டுபோய் வைத்து, ஜனவரியிலிருந்து போட்ட டிக் எதுவும் செல்லாது என்று ஒப்புக்கொண்டேன். எந்திரம் நன்றாக இருந்ததால் தொழிலாளர்களின் முடிவுகளுக்குப் பாதகமில்லை என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது. வேலை போய்விடுமா என்ற பயம் மட்டும் போகவில்லை. அவரே சொன்னார்: "போனது திரும்பாது தியாகு. இருக்கிறதைக் காப்பாத்திக்கோ. காலைல எந்திரத்தை இனிமே சுமதி கேக்கட்டும், மத்த வேலையை நீ பாரு."

ஆடித் திருவிழா

கோலசிலாங்கூர் பக்கத் தோட்டத்துக் கோயிலில் பால்குடம். காலை ஊர்வலத்துக்கு எங்கள் குழுவோடு இன்னொரு குழுவும் வந்திருந்தது. நான் உருமியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பையிலிருந்து ஆரஞ்சு நிற ஏர்பிளக்கை எடுத்தேன். கை கூசியது. காதை அடைத்துக்கொண்டு மேளம் அடிக்கிறவனைப் பார்த்து ஊரே சிரிக்குமே! சிரித்தார்கள். மைத்துனன் ஜால்ராவைத் தட்டாமலே வயிற்றைப் பிடித்துக்கொண்டான். நான் இரண்டு காதிலும் செருகினேன், வாசித்தேன். அடி ஒன்றும் தப்பவில்லை. என் உருமி முனகுவது கொஞ்சம் அடங்கி, ஆனால் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. இந்த வலது காதாவது மிஞ்சட்டும் மாரியம்மா என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

முதல் சுற்று முடிந்து தண்ணீர் குடிக்கும்போது யாரோ முதுகைத் தொட்டார்கள். பாய்லர் சந்தனம்! இன்னொரு குழு அவருடையதுதான். என் காதையே பார்த்தார். கிண்டல் வரப்போகிறது என்று தயாராக நின்றேன். அவர் கையை நீட்டினார்: "எனக்கும் ஒரு ஜோடி குடுங்க அண்ணே. அன்னைக்கு வாயால சொன்னீங்க, எனக்கு ஏறல. இன்னைக்குத்தான் போட்டுக் காட்டுறீங்க."

இத்தனை வருட அனுபவத்தில் மிஞ்சியது இவ்வளவுதான்: வட சிலாங்கூரில் ஊரார் காதுக்கெல்லாம் கையெழுத்துப் போடுகிறேன், எனக்கு மட்டும் தினமும் காலையில் சுமதி "கேக்குதுண்ணே" என்று சொன்னால்தான் பிழைப்பு தொடங்குகிறது.