சுருதி சேர்த்து வைத்திருந்த பிடில்

சனிக்கிழமை காலையில் ஹார்ட்வெயார் கடைக்குப் போனால், குழாய்க்கு வாஷர் வாங்குகிறேனோ இல்லையோ, வாசலில் கூடாரம் போட்டு இறைச்சிச் சொசேஜ் சுடுகிறவர்களிடம் நின்றுவிட்டுத்தான் வருவேன். மெல்பேர்னில் எங்கள் கிளென் வேவர்லிப் பக்கம் என் வயதுக்காரர் பலருக்கும் இந்த வியாதி உண்டு. அவர்கள் சொசேஜுக்காக நிற்பவர்கள், நான் வெங்காயத்துக்காக. ஒரு துண்டுப் பாண், அதன்மேல் தகட்டில் வதங்கிக் கருகத் தொடங்கிய வெங்காயம், அவ்வளவுதான் கேட்பேன். போன சனிக்கிழமை இடுக்கியோடு நின்ற பெண் என்னைப் பார்த்து, "சொசேஜ் வேண்டாமா? விலை ஒன்றுதான்" என்றாள். "வேண்டாம், வெங்காயம் மட்டும். இரண்டு சுற்றித் தாருங்கள்" என்றேன். கிழவனுக்குப் பல் இல்லை என்று நினைத்திருப்பாள்.

அந்த மணம் மூக்கில் ஏறினால் எனக்கு முதலில் கால் குளிரும். சிரிக்காதீர்கள், உண்மை. முன்பு ஒரு மலையடிவாரத்தில் இதே மணத்துக்கு நடுவே நான் காலுறை இல்லாமல் நின்றிருக்கிறேன். என் காலுறை என் மனைவி சரோவின் காலில் இருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் எனக்கு வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன் என்று அங்கே யாருக்கும் விளங்காது. இந்தியன் என்பார்கள், சிலோன் என்று திருத்தினால் தேயிலையைப் பற்றிக் கேட்பார்கள். கருவித் தயாரிப்புப் பகுதியில் லெஸ் என்று ஒருவன் இருந்தான். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவன், சிவந்த கழுத்து, எப்போதும் வாய்க்குள் ஏதோ ஒரு மெட்டு. ஒருநாள் தேநீர் நேரத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்து, "உனக்குப் புளூகிராஸ் பிடிக்குமா, மேட்?" என்றான். நான் நல்ல மரியாதையாக, "பிடிக்கும், ஆனால் எங்கள் ஃபிளாட்டில் புல்வெளி இல்லை" என்றேன். புளூகிராஸ் என்ற பெயரில் புல் விதை விற்பதை நான் கடையில் கண்ணால் பார்த்திருந்தேன், என்மேல் என்ன பிழை? லெஸ்ஸுக்கு மூக்கால் தேநீர் வந்தது. அது அமெரிக்க மலைநாட்டுப் பாட்டு வகை என்றும், ஈஸ்டர் விடுமுறைக்கு மலையடிவாரத்தில் ஒரு மாட்டுப்பண்ணையில் அந்தப் பாட்டுக்காரர் எல்லாரும் கூடுவார்கள் என்றும், தான் அங்கே பிடில் வாசிப்பான் என்றும் பிறகு விளக்கினான். அந்தக் கதையைத் தொழிற்சாலை முழுக்கச் சொல்லிவிட்டான். நான் வேலையை விட்டு விலகும்வரை சிலர் என்னைக் கண்டால் புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளுவதுபோல் நடித்துக் காட்டுவார்கள்.

பிடில் என்று அவன் சொன்னதும் எனக்கு மாமனார் ஞாபகம் வந்தார். அவரும் வயலின் என்று சொல்லமாட்டார், பிடில்தான். சரோ அவருடைய ஒரே மகள். கல்யாணம் முடிந்து அவள் மெல்பேர்ன் வந்தபோது விமானத்தில் வயலின் பெட்டியைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வந்த கிழமையே வாசிக்க உட்கார்ந்தாள். கீழ்வீட்டுக்காரர் கூட்டுகிற தும்புத்தடியால் எங்கள் தரைக்குக் கீழே தன் முகட்டில் இடித்தார். சங்கீத ஞானம் இல்லாத நான், மனிதர் தாளம் போடுகிறார் என்று நினைத்தேன். சரோவுக்கு உடனே விளங்கிவிட்டது. வயலின் கட்டிலுக்குக் கீழே போயிற்று. பிறகு அவளுடைய பேச்சும் குறைந்துகொண்டு வந்தது. நான் வேலையால் வரும்போது குசினி யன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்தபடி இருப்பாள்.

ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "இஞ்சேருங்கோ, நான் கொஞ்ச நாள் ஊருக்குப் போட்டு வாறன்."

போய்விட்டு வருகிறேன் என்பதுதான், ஆனால் எங்களுடைய பாஷையில் இது ஒரு பொல்லாத வசனம். யாரும் 'போறன்' என்று சொல்லமாட்டார்கள். கடைக்குப் போகிறவரும் போட்டு வாறன், கண்காணாத தேசத்துக்குப் போகிறவரும் போட்டு வாறன்தான். அதை வைத்து ஆள் திரும்பி வருமா என்று கண்டுபிடிக்க முடியாது. ஆகவே நான் கெட்டித்தனமாக, "வாற ரிக்கெற்றையும் சேத்து எடுப்பமே?" என்று கேட்டேன்.

"வேண்டாம். அதை அங்க போய் எடுக்கிறன்" என்றாள்.

எனக்கு விளங்கிவிட்டது. மே மாதத்துக்கு டிக்கெட் பதிவு செய்தோம். லெஸ் திரும்பவும் கேட்டபோது வருகிறோம் என்று சொன்னதற்குப் பாட்டு ஒரு காரணமே இல்லை. மலை, மரம், மனிதர் என்று எதையாவது கண்டால் அவளுக்கு இந்த நாட்டின்மேல் கொஞ்சம் பிடிப்பு வராதா என்ற நப்பாசை.

போன விதத்தைக் கேட்காதீர்கள். சரோ கட்டிய சாப்பாட்டுப் பையை வீட்டுக் கதவடியில் வைத்துவிட்டு, கூடாரத்தை மட்டும் பத்திரமாக ஏற்றிக்கொண்டு போன மேதாவி நான். பண்ணையில் சாப்பிடக் கிடைத்தது சொசேஜ் ஒன்றுதான். சரோ மச்சம் மாமிசம் தொடமாட்டாள். அடுப்படியில் நின்ற பெண் யோசித்துவிட்டுப் பாண் துண்டில் வெங்காயத்தை அள்ளி வைத்துக் கொடுத்தாள். சரோ சேலைக்குமேல் என் கம்பளிச் சட்டையும், செருப்புக்குள் என் காலுறையுமாக நின்று அதைச் சாப்பிட்டாள். "பறவாயில்லை, வெங்காயம் எங்கட ருசிதான்" என்றாள்.

யூக்கலிப்டஸ் மரங்களுக்குக் கீழே அங்கங்கே வட்டமாக நின்று வாசித்துக்கொண்டிருந்தார்கள். பாஞ்சோ, மான்டலின், கிற்றார், ஆளுயரத்தில் ஒரு பெரிய தந்தி வாத்தியம். மேடை என்று பார்த்தால் ஒரு லொறியின் பின்தட்டு. மாடுகள் வேலிக்கு அப்பால் நின்று கேட்டன. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, பாட்டுகளின் சொற்கள் காதில் விழும்வரை. அம்மாவைப் பிரிந்து வந்தேன். கெண்டக்கி மலையடிவாரத்து வீட்டை எப்போது காண்பேன். ரயில் என்னை ஊருக்குக் கூட்டிப் போகாதா. ஒன்று விடாமல் எல்லாப் பாட்டும் இதுதான்! ஊருக்குப் போகிறேன் என்று நிற்பவளைத் தடுக்க, உலகத்தில் வேறு இடம் கிடைக்காமல் இங்கே கூட்டி வந்த என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

சரோ நாலைந்து பாட்டைக் கவனமாகக் கேட்டாள். "இவையள் எல்லாரும் வீட்டை போகவேணும் எண்டு அழினம். பிறகேன் போகாமல் நிக்கினம்?" என்று என்னைக் கேட்டாள். அப்போது லெஸ் பிடிலும் கையுமாக வந்தான். சரோ அவனிடமே ஆங்கிலத்தில், "நீங்கள் கடைசியாகக் கெண்டக்கிக்கு எப்போது போனீர்கள்?" என்றாள்.

"நானா? ஒருநாளும் இல்லை, லவ். மாநில எல்லையில் இருக்கிற ஆல்பரியைத் தாண்டி நான் வடக்கே போனதே இல்லை."

"போக ஆசை இல்லையா?"

லெஸ் தாடையைச் சொறிந்தான். "போனால் பாட்டுப் பழுதாகிவிடும்" என்றான்.

சரோ சிரித்தாள். பல்லெல்லாம் தெரிய, என் கம்பளிச் சட்டையின் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் காண்கிறேன் என்று விரலில் எண்ணிப் பார்த்தேன்.

பின்னேரம் லெஸ் ஒரு ரயில் மெட்டு வாசித்தான். ரயில் புறப்படுவது, வேகம் எடுப்பது எல்லாம் வில்லில் வந்தது. நடுவில் இரண்டு தந்தியையும் சேர்த்து இழுத்து ஊதல் வேறு. சரோ போர்வையிலிருந்து எழும்பிவிட்டாள். ஊரில், கொக்குவிலில், அவர்களுடைய பின்வளவு வேலிக்கு அப்பால்தான் தண்டவாளம். பின்விறாந்தையில் இருந்து சாதகம் செய்யும்போது மாலை ரயில் ஊதிக்கொண்டு வரும். அந்த ஊதல் கிட்டத்தட்ட அவளுடைய பஞ்சமம். அவள் வாசித்துக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு, ரயில் போய் முடியும்வரை பஞ்சமத்தில் வில்லை நீட்டி இழுப்பாளாம். உள்ளேயிருந்து அப்பா, "பிடில் ரயில் ஏறீட்டுது" என்பாராம். இதை அவள் எனக்கு அன்றைக்குத்தான் சொன்னாள், அதுவும் லெஸ்ஸின் கையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இவள் வாசிப்பாள்" என்று என் வாய் சொல்லிவிட்டது. சரோ என்னைக் கிள்ளினாள். லெஸ் பிடிலை நீட்டினான்.

நின்று வாசிக்க அவளுக்குத் தெரியாது. போர்வையில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, பிடிலின் தலையைக் கணுக்காலில், என் சாம்பல் நிறக் காலுறையின்மேல், சாய்த்து வைத்தாள். பார்த்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வெள்ளைக்காரரின் வயலினுக்குச் சுருதி வேறு. அதை மாற்றிக் கூட்டவேண்டும் என்று முறுக்காணியில் கை வைத்தபடி, வெறும் தந்திகளில் ஒருமுறை வில்லை இழுத்தாள். அப்படியே நிறுத்திவிட்டாள். திரும்பவும் இழுத்தாள்.

"ஆர் உதுக்குச் சுருதி சேத்தது?" என்று என்னைக் கேட்டாள்.

"ஏன், குழம்பிப்போய்க் கிடக்கோ?"

"இல்லை. சரியாக் கிடக்கு. ச, ப, ச, ப. எங்கட சுருதி."

நான் லெஸ்ஸிடம் கேட்டேன். பழைய மலைப் பாட்டுகள் சிலவற்றுக்குக் கீழ்த் தந்தி இரண்டையும் கொஞ்சம் ஏற்றிக் கூட்டுவார்களாம். அந்த மலைக் கிழவர்களின் வழக்கமாம். அது கெண்டக்கிப் பக்கத்துக்கு மட்டும் உரியது என்று அவன் நினைத்திருந்தான். நமக்கு மட்டும் உரியது என்று சரோ நினைத்திருந்தாள்.

வாசித்தாள். முதலில் வில் கரகரத்தது, விரல் வழுக்கியது. பிறகு பிடித்துக்கொண்டது. அது மோகனம் என்று பின்னால் சொன்னாள். ஐந்தே சுரம், அவர்களுடைய பாட்டுகளிலும் பெரும்பாலும் அந்த ஐந்துதான்போலும். பாஞ்சோக்காரன் ஒருவன் கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டு மெல்லப் பின்னால் சேர்ந்துகொண்டான். தும்புத்தடியால் இடிக்க அங்கே ஒருவரும் இல்லை. நான் அழுதேன். லெஸ் பார்த்தபோது, வெங்காயப் புகை என்று அடுப்பைக் காட்டினேன்.

திரும்பி வரும்போது சரோ என் காலுறையைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அடுத்த ஈஸ்டருக்கும் வைப்பினமோ?" என்றாள்.

"வைப்பினம்" என்றேன். எனக்கு என்ன தெரியும்? வைக்காவிட்டால் நானே வைத்திருப்பேன்.

"அப்ப உந்த ரிக்கெற்றை..." என்று தொடங்கி, வெளியே பார்த்துக்கொண்டு விட்டுவிட்டாள். விடுமுறை முடிந்த கையோடு நான் அதை ரத்துச் செய்தேன்.

அதன்பிறகு பல ஈஸ்டர்கள் அந்த மலைக்குப் போனோம். ஊருக்கு அடுத்த வருடம் போகலாம் என்றோம். பிள்ளை பிறந்தது, அடுத்த வருடம் என்றோம். பிறகு அங்கே நடந்தவை உங்களுக்குத் தெரியும். மாமாவும் மாமியும் ஒருவர்பின் ஒருவராகப் போனார்கள். இரண்டு முறையும் செய்தி கிடைக்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. அந்த மே மாதம் போயிருந்தால் அவர்களை ஒருமுறை கண்டிருப்பாள். அன்றைய பிடில் அவளை என்னிடம் விட்டுச் சென்றது என்று நான் இவ்வளவு காலமும் மனதுக்குள் கும்பிட்டு வந்திருக்கிறேன். சரோ அதை எப்படி நினைக்கிறாள் என்று கேட்க எனக்கு வாய் வந்ததில்லை.

லெஸ் இப்போது இல்லை. பண்ணை இருந்த இடத்தில் விடுமுறை வீடுகள் வந்துவிட்டன. சண்டை ஓய்ந்ததும் மகள், "அம்மா, யூ ஷுட் கோ" என்று நச்சரித்தாள். சரோ மறுத்துவிட்டாள். நான்தான் போனேன். விமான நிலையத்தில் போட்டு வாறன் என்று சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி வந்தேன். வந்த அன்று குசினியில் தேநீரோடு உட்கார்ந்து, "சரோ, உங்கட வீட்டை போனனான்" என்று தொடங்கினேன்.

அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "சொல்லாதேங்கோ" என்றாள். "பாட்டுப் பழுதாப்போம்."

ஆகவே சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லலாம். அங்கே வீடு இல்லை. விறாந்தை இருந்த இடத்தில் பற்றைகள். அவற்றை விலக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போய்ப் பார்த்தேன், தண்டவாளமும் இல்லை. சிலிப்பர்க் கட்டை, ஆணி, ஒன்றும் இல்லை. அந்தத் தடத்தால் ஒரு பெண் சைக்கிளில் போனாள்.

இப்போது புதிதாகத் தண்டவாளம் போட்டு ரயில் ஓடுகிறதாம். ஊதல் எப்படி இருக்கிறது என்று நான் யாரையும் கேட்கவில்லை. சரோ வாசிப்பது குறைந்துவிட்டது, விரல் மூட்டுகள் வலி. ஆனால் சில பின்னேரங்களில் வயலினை எடுத்து, ஏதோ வாசித்துக்கொண்டு வந்து, நடுவில் நிறுத்திப் பஞ்சமத்தில் வில்லை நீட்டி இழுப்பாள். நான் சொட்டும் குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ரயில் போய் முடியும்வரை கையை எடுப்பதில்லை.