நமுத்த ராக்கெட்

தைவானின் பிங்துங் கடலோரப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் சியூ பிங்-சென்னுக்கு ஒரே பைத்தியம்தான். சர்க்கரைப் பாகில் வெடியுப்பைக் கலந்து எரிபொருள் வார்த்து ராக்கெட் விடுவார். அந்தப் பாகு ஒருமுறை தீப்பற்றிச் சமையலறைச் சுவரையே கரியாக்கியது. அன்று பெட்டியோடு தைபேக்குப் போன மகள் யி-ஜென், நாலு வருடம் வாசல் மிதிக்கவில்லை.

இப்போது வந்திருந்தாள்.

"ஒரே தடவை பாக்கறேன். இதுவும் புஸ்ஸுன்னா அடுப்பைத் தூக்கிக் கடல்ல போட்டுடணும்பா."

"போகும், பாரு."

சர்க்கரை எரிபொருளுக்கு ஈரக்காற்று ஆகாது. அப்பளம்போல நமுத்துவிடும். அதனால் எரிபொருள் வார்த்த குழாயான மோட்டாரை டப்பாவில் இறுக மூடிவைத்திருந்தார். ராக்கெட் கிளப்பில் வேறு யாரும் அந்த மூடியைத் தொடக்கூடாது. அன்று மட்டும், வெயிலில் நிற்கப்போகும் மகளுக்குத் தொப்பி தேடிப் போய்விட்டார். அவர் திரும்புவதற்குள் கூட்டாளி ஆ-தி மோட்டாரை எடுத்துப் பொருத்திவிட்டான்.

மணல்மேட்டுக்குப் பின்னால் எல்லோரும் பதுங்கியதும் ஆ-தி பொத்தானை அழுத்தினான்.

ராக்கெட் எழவில்லை. நின்ற இடத்திலேயே வெடித்தது. குழாய் நார்நாராகக் கிழிந்து மணலில் விழுந்தது. பிங்-சென்னுக்குக் காது அடைத்துப்போனது. என்ன நடந்தது? ஈரம் பட்டு எரிபொருள் இளகி, புகை வெளியேறும் நடுத்துளையை அடைத்திருந்தால்தான் இப்படி வெடிக்கும். டப்பாவிடம் ஓடினார்.

உள்ளே பச்சை உறையில் ஒரு தீனிப் பொட்டலம்.

இயந்திரம் சொன்ன பேச்சு கேட்கட்டும் என்று அதன் தலையில் வைப்பார்களே, அதே பச்சைப் பொட்டலம். ஊரே வைக்கும். அவர் மட்டும் கிண்டலடிப்பார்.

"எவன்டா இதைத் திறந்தது?"

"நீங்க வச்சதுன்னுல்ல நெனச்சேன், சென் அண்ணே!" ஆ-தி திகைத்தான். "இது மாட்டிக்கிட்டு மூடிகூட சரியா மூடாம இருந்துச்சே..."

"நான்தான்பா."

பிங்-சென் திரும்பினார். யி-ஜென் அவர் கொடுத்த தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள்.

"நேத்து சாயங்காலம் வச்சேன். காலாவதியானா பலிக்காதுன்னு தேதிகூடப் பாத்துத்தான் வாங்கினேன்."

பிங்-சென் மணலில் உட்கார்ந்தார். அடுப்பைக் கடலில் போடச் சொன்னவள், ராக்கெட் மேலே போகவேண்டும் என்று யாருக்கும் தெரியாமல் கடைக்குப் போயிருக்கிறாள். பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டார். மொறுமொறுவென்றிருந்தது.

"இது மட்டும் நமுக்கல பாரு," என்றார். "அடுத்த தடவை வெளியில வை."

"அடுத்த தடவையா?"

அவர் பொட்டலத்தை நீட்டினார். யி-ஜென் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை உள்ளே விட்டாள்.