புறம்போக்கில் ஒரு கூடாரம்

நேபாளத்துக்குக் காரில் போய், வழியெல்லாம் பொது நிலத்தில் கூடாரம் போட்டுத் தங்க நானும் மனைவியும் திட்டமிட்டிருந்தோம். ஒத்திகைக்காகக் கரியாலூரில் சாலையோரப் புறம்போக்கில் கூடாரம் அடித்தோம்.

கூலி வேலை முடிந்து வந்த ஒரு பெண் நின்றாள். "இன்னா சார், வூட்ட இடிச்சிட்டாங்களா?"

இதுகளுக்கு என்ன தெரியும் என்று இளக்காரமாகச் சிரித்தேன். "ஊர் சுத்தப் போறோம். இதெல்லாம் ஒரு ஜாலி."

"நாங்களும் புறம்போக்குலதான் குடிசை போட்டிருந்தோம். எவனோ மனு குடுத்து பிரிச்சிட்டான். இப்ப அண்ணன் வூட்டுல கீறோம். மழ வந்தா நீங்களும் வந்துடுங்க."

மனைவி என்னைப் பார்த்தாள். மணலூர்பேட்டையில் எங்கள் வயலை ஒட்டியிருந்த ஒரு குடிசையை அகற்றச் சொல்லி மனு எழுதியவன் நான். இந்தப் பெண் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவள் இல்லை. அவர்கள் எங்கே போனார்கள் என்று நான் கேட்டதேயில்லை.

நேபாளம் போய் வந்துவிட்டோம். என்மேல் எனக்கு வந்த அருவருப்பு மட்டும் இன்னும் போகவில்லை.