குப்பை வண்டிச் செய்திக்குப் பிறகு

போன வியாழக்கிழமை பஸ்ஸில் எனக்கு ஒரு சின்ன அவமானம்.

டிரைவர் ரேடியோ வைத்திருந்தார். பஸ் அப்போது நுழைந்த சின்ன ஊரின் நகராட்சித் தகவல் ஒலிபரப்பு. பிரதான சாலையில் பள்ளம், மாற்றுவழி இன்னது... பழைய பேப்பர் எடுக்கும் வண்டி வெள்ளிக்கிழமை வரும்... நீச்சல் குளத்தில் இந்த வாரம் வெந்நீர் கிடையாது... அவ்வளவுதான். 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு வெறும் இரைச்சல்.

பஸ்ஸில் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்க, நான் மட்டும் ஸீட்டின் நுனிக்கு வந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த ஜெர்மன் அம்மாள் என் முழங்கையைத் தட்டி, "முடிந்துவிட்டது" என்றார், காது கேட்காதவனிடம் சொல்வதுபோல் உரக்க.

முடிந்துவிட்டதா? அம்மா, நிஜமான நிகழ்ச்சியே அதற்குப் பிறகுதானே! — சொல்ல நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். உங்களிடம் சொல்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை: இந்தப் பக்கத்தை யாரும் ஜெர்மனில் மொழிபெயர்க்கக் கூடாது. என் விசா முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது.

நான் படிக்கும் ஆஹெனிலிருந்து முக்கால் மணி நேரம் பஸ்ஸில் போனால் ஒரு சின்ன ஊர். பெயர் சொல்ல மாட்டேன். அங்கே அகதிகள் விடுதி ஒன்று உண்டு. 'ஹைம்' என்பார்கள். இலங்கைத் தமிழர் இருபத்தேழு பேர். நான் அவர்களுக்கு வரும் ஆபீஸ் கடிதங்களைப் படித்துச் சொல்வேன்; அவர்கள் எனக்கு மீன் குழம்பு போடுவார்கள். இதில் யாருக்கு லாபம் என்று என் இடுப்பளவைப் பார்த்தாலே தெரியும்.

அந்த ஊரில் சாக்கடைக் குழாய் மாற்றுவதற்காக ஊரையே தோண்டிப் போட்டிருந்தார்கள். எந்தத் தெரு திறந்திருக்கிறது என்று கார்க்காரர்களுக்குச் சொல்ல, நகராட்சி ஒரு குட்டி ரேடியோ நிலையம் ஆரம்பித்தது. நம் வீட்டு பல்பு எரியும் சக்திகூட அதற்கு வேண்டாம். ஊர் எல்லையைத் தாண்டினால் கேட்காது.

இதில் ஒரு சூட்சுமம். அறிவிப்பைப் படிப்பது பள்ளத்தாக்கில் இருக்கும் நகராட்சி அலுவலகத்தில். ஒலிபரப்பும் கம்பமோ மலைமேல், தண்ணீர் டாங்க் பக்கத்தில். கீழே பேசுகிற பேச்சு மேலே போக வேண்டுமே? அதற்கு இன்னொரு சின்ன டிரான்ஸ்மிட்டர், இன்னொரு அலைவரிசை. 'லிங்க்' என்போம். சாதாரண ரேடியோவில் அது வராது. நான் சொந்தமாகக் கட்டிய ரிசீவரில் வரும். அடுத்தவர் அலைவரிசையைக் கேட்பது இந்த நாட்டில் குற்றம்... நான் கேட்கவில்லை ஐயா, சோதனைதான் செய்தேன்!

எங்கே செய்தேன் தெரியுமா? ஹைமில். அது மலைக்குப் போகும் சாலையில், அலுவலகத்துக்கும் கம்பத்துக்கும் நட்ட நடுவில் இருந்தது. லிங்க் எங்கள் தலைக்கு மேலேதான் போய்க்கொண்டிருந்தது.

போன செப்டம்பர், காலேஜ் லீவு. வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரை அறிவிப்பு. ஹைம் சமையலறையில் ரிசீவரை வைத்து லிங்கைப் பிடித்தேன். குப்பை வண்டி, மாற்றுவழி எல்லாம் முடிந்தது. 'டக்'. ஊருக்கு ஒலிபரப்பு நின்றது. லிங்க் நிற்கவில்லை! அறிவிப்பைப் படித்த அம்மாள் மேலே இருக்கும் டிரான்ஸ்மிட்டரை மட்டும் அணைத்துவிட்டு, கீழே இருக்கும் இரண்டாவது ஸ்விட்சை அப்படியே விட்டிருந்தார். காப்பிக் கோப்பை வைக்கும் சத்தம், டைப்ரைட்டர், தும்மல்... ஓர் அரசாங்க அலுவலகமே எங்கள் சமையலறையில் உட்கார்ந்திருந்தது.

குரலைக் கேட்டதும் என் பக்கத்திலிருந்த தவம் அண்ணை எழுந்தே நின்றுவிட்டார். "தம்பி, இது எங்கட மால்சேன் அக்காவெல்லோ!"

அகதிகள் விண்ணப்பம் கொடுக்கும் கவுண்டரில் இரண்டு பேர் உட்காருவார்கள்; யார் கையில் மாட்டுவோம் என்று தெரியாது. ஒருவர் எதைக் கேட்டாலும் 'நைன்'. இல்லை என்று அர்த்தம். அவருக்கு ஹைம் வைத்த பெயர் நைன் அண்ணை. மரியாதையைக் கவனியுங்கள்! இன்னொருவர் இந்த அம்மாள். எதைக் கேட்டாலும் 'மால் சேன்' என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம். நம் ஊர் ஆபீஸில் 'பார்க்கலாம்' என்றால் ஆளை விடு என்று பொருள். ஜெர்மனியில் பார்க்கலாம் என்றால்... உண்மையிலேயே பார்ப்பார்கள்!

தவம் அண்ணைக்கு அந்த வித்தியாசம் உயிர் போகிற விஷயம். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுக் கடை மானேஜராக இருந்தவர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு முதலில் இவர் வந்தார். இரண்டரை வருஷம் கழித்து மனைவி சாந்தி வந்து சேர்ந்தார். ஆனால் அவரை அரசாங்கம் ஒதுக்கியது பீலெஃபெல்டுக்கு. இவர் அனுமதி இல்லாமல் இந்த மாவட்டத்தை விட்டு நகர முடியாது. அவர் அந்த மாவட்டத்தை விட்டு நகர முடியாது. ஒரே நாட்டில் இருந்துகொண்டு, வாரம் ஒரு முறை டெலிபோன் கூண்டில் நின்று பேசும் கணவன் மனைவி. அவரை இங்கே மாற்றச் சொல்லிக் கொடுத்த அன்ட்ராக்கை, அதாவது விண்ணப்பத்தை, நைன் அண்ணை இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்.

ரிசீவரில் அந்த அம்மாள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "செவ்வாய்க்கிழமை அவருக்குப் பல் டாக்டர். கவுண்டரில் நான் தனியாக இருக்கிறேன்."

நான் மொழிபெயர்த்தேன்: அன்றைக்கு நைன் அண்ணை இல்லை! சமையலறையில் நாங்கள் மூன்றே பேர்: நான், தவம் அண்ணை, ஹைமிலேயே நன்றாக ஜெர்மன் பேசும் ராசன். "யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. ஆபீஸ்ல தெரிஞ்சா என் விசா காலி. அண்ணை, செவ்வாய் காலைல நீங்க மட்டும் போறீங்க, ஓகேவா?"

"ஓம் ஓம். ஒருத்தருக்கும் சொல்லேன்" என்றார் தவம் அண்ணை.

"எனக்கேன் ஊர்க்கதை?" என்றான் ராசன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு முன்பே நான் பஸ்ஸை விட்டு இறங்கினேன். நகராட்சி வாசலில் ஒரு வரிசை. கதவைத் தாண்டி, படி இறங்கி, தோண்டிய பள்ளத்தின் ஓரமாக வளைந்து பேக்கரி வரை போயிருந்தது. எல்லாம் தெரிந்த முகங்கள். எண்ணினேன். இருபத்தேழு! சளி பிடித்துப் படுத்திருந்தவர்கூட மப்ளரோடு வந்திருந்தார். ஒருவருக்குக் கொலோன் போய்வர அனுமதி, ஒருவருக்குக் குளிர்கால ஷூ, ஒருவருக்கு அறை மாற்றம்... வரிசையின் கடைசியில், கையில் ஃபைலோடு தவம் அண்ணை.

ராசனைப் பிடித்து உலுக்கினேன். "அம்மாவாணை நான் இல்லை! அண்ணைதான் குசினிக்குள்ள சமைக்கேக்க எல்லாருக்கும் சொன்னவர்!"

வரிசையின் கடைசிக்கு ஓடினேன். அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். "அவையளுக்கும் அலுவல் இருக்குத்தானே தம்பி. உங்களுக்கு மட்டும் சொல்லுறன் எண்டுதான் ஒவ்வொருத்தருக்கும் சொன்னனான்."

"சரி, முன்னாடியாவது நிக்கக் கூடாதா?"

"சொன்னவன் முன்னுக்கு நிக்கிறது வடிவில்லை."

கதவு திறந்தது. அம்மாள் வெளியே எட்டிப் பார்த்து மலைத்துப்போனார். பல வாரமாக ஈ ஓட்டிய கவுண்டர் அது. நைன் அண்ணை இருந்தால் நம்மவர்கள் வயிற்றுவலி என்று திரும்பிவிடுவார்களே! "இன்றைக்கு என்ன விசேஷம்? யார் உங்களை வரச் சொன்னது?" என்று கேட்டார்.

வரிசையின் முன்னால் நின்ற ராசன் நிமிர்ந்து, அழகான ஜெர்மனில், பெருமையோடு பதில் சொன்னான்: "ரேடியோவில் கேட்டோம்."

நான் பள்ளத்தில் விழாமல் இருந்தது என் பெற்றோர் செய்த புண்ணியம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! அம்மாள் ராசனை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு உள்ளே போய் வேலையை ஆரம்பித்தார்.

பன்னிரண்டு மணிக்குக் கவுண்டர் மூடும். ஜெர்மன் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான். தவம் அண்ணைக்கு முன்னால் இன்னும் ஐந்து பேர் இருக்கும்போதே அம்மாள் கண்ணாடிக் கதவைப் பூட்டினார். மற்றவர்கள் கலைந்தார்கள். அண்ணை மட்டும் போகவில்லை. தன் கல்யாணச் சான்றிதழின் ஜெர்மன் மொழிபெயர்ப்பை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்தார். மேலே பீலெஃபெல்ட் விடுதியின் விலாசம். அம்மாள் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கதவுக்கு அந்தப் பக்கம் நின்று முழுசாகப் படித்தார். உதடு அசைந்தது. மால் சேன்.

திரும்பி நடக்கும்போது நான் அண்ணையைத் திட்டித் தீர்த்துவிட்டேன். "சாந்தி இரண்டரை வருசம் பொறுத்தவா" என்றார். காகிதத்தைக் கோணலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். நான்தான் வாங்கி மடித்தேன். எனக்குக் கோபம் போய் வெட்கம் வந்தது. அவருக்கு மனைவி, எனக்கு என் விசா.

மறுநாள் புதன். ரிசீவரை எடுத்து ஒளித்துவைக்கலாம் என்று ஹைமுக்குப் போனேன். போலீஸ் வருமுன் போய்விட வேண்டும். ஆனால் மணி பதினொன்று இருபத்தைந்து... ஆசை யாரை விட்டது? கடைசியாக ஒரே ஒரு தடவை என்று திருகினேன். தவம் அண்ணையும் ராசனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

மாற்றுவழி. குப்பை வண்டி. நீச்சல் குளம். 'டக்'.

கோப்பை வைக்கும் சத்தம். தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு அந்த அம்மாள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திப் பேசினார்:

"அறிவிப்பு முடிந்த பிறகும் கேட்டுக்கொண்டிருக்கும் கனவான்களுக்கு. நாளை காலை ஏழரை மணி. பின் கதவு. மனைவி பீலெஃபெல்டில் இருப்பவர் மட்டும் வரவும். மற்ற இருபத்தாறு பேரும் தயவுசெய்து வீட்டில் இருக்கவும்."

நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. பீலெஃபெல்ட் என்ற சொல்லிலேயே அண்ணையின் கண் கலங்கிவிட்டது.

வியாழன் காலை அண்ணை தனியாகப் போனார். இருபத்தாறு பேரும் வீட்டில்தான் இருந்தார்கள் — ஆறு ஜன்னலில் முண்டியடித்துக்கொண்டு. எட்டரை மணிக்கு மலைச் சாலையில் அவர் தலை தெரிந்தது. முகத்தில் ஒன்றையும் படிக்க முடியவில்லை. சமையலறைக்குள் வந்து தண்ணீர் குடித்தார்.

"என்னண்ணை சொன்னவா?" என்றான் ராசன்.

"ரேடியோ தெளிவாக் கேக்குதோ எண்டு கேட்டவா."

நான் எழுந்து சமையலறைக் கதவைச் சாத்தினேன். "நீங்க என்ன சொன்னீங்க?"

"ஓம் எண்டனான். கோப்பை வைக்கிற சத்தம் மட்டும் கொஞ்சம் பலம் எண்டனான்."

"ஐயோ அண்ணை! அன்ட்ராக் என்னாச்சு?"

"முத்திரை குத்தினவா. அங்காலையும் போன் பண்ணிக் கதைச்சவா. சாந்தியை இங்க அனுப்பச் சரியாம்." சொல்லிவிட்டு, அந்தப் பெரிய மனிதர் உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து ஓவென்று அழுதார். இருபத்தாறு பேரும் நானும் சேர்ந்து சிரித்தோமா அழுதோமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆறு வாரத்தில் சாந்தி அக்கா வந்துவிட்டார். இப்போது எனக்கு மீன் குழம்பு அவர் கையால். அண்ணையின் குழம்பைப் பற்றி இனி நான் உண்மை பேசலாம். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு லிங்கில் 'டக்', 'டக்' என்று இரண்டு சத்தம் கேட்க ஆரம்பித்தது. இப்போது இரண்டாவது ஸ்விட்சையும் அணைத்துவிடுகிறார்; ஓர் ஓசைகூட மிச்சம் இல்லை. என் காதுதான் இன்னும் நம்ப மறுக்கிறது... பஸ்ஸில்கூட.

போலீஸ் வரவில்லை. நைன் அண்ணைக்கும் எதுவும் தெரியாது. நாங்கள் மூன்று பேர் மூன்று நாள் காக்க முடியாத ரகசியத்தை, ஒரு வருஷமாக ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

அந்த ஊரில் வாயைக் கட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்... பாவம், ஊருக்கே அறிவிப்புப் படிக்கிற வேலை!