மூடியில் ஒரு பொட்டுப் பச்சை

பெயிண்டுக் கடையில் இருபத்தெட்டு வருஷமாக நிறம் கலக்குகிறவர் என்பதால் தெருவில் அவருக்குக் கலர்க்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. சுவரிலிருந்து பெயர்த்த நகத்தளவு துண்டைக் கொண்டுவந்து நீட்டினால் போதும். ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு தரம் திருப்பிப் பார்ப்பார். வெள்ளை டப்பாவில் மஞ்சள் ஏழு துளி, கறுப்பு ஒரு துளி என்று விட்டுக் கலக்கி, மூடியின் மேல் ஒரு பொட்டு வைத்துக் காயவிடுவார். காய்ந்ததும் துண்டும் பொட்டும் ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கும். பக்கத்திலேயே பேனாவால் அளவையும் எழுதிவிடுவார்.

அந்த மனுஷர்தான் ஐந்து நாளாகக் காலையில் கடைக்குப் போகுமுன் மிக்ஸியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

காரணம் மனைவியின் பல். ஆட்டம் கண்டிருந்த மிச்சப் பற்களையும் பிடுங்கியாயிற்று. பல்செட் வர இன்னும் மூன்று வாரம். பாலும் பாலில் ஊறிய ரொட்டியுமாக ஓட்டியதில் எடை ஆறு கிலோ இறங்கி நாற்பத்திரண்டில் வந்து நின்றது. "அடுத்த திங்கக்கிழமை எடை பாப்போம். இன்னும் இறங்கியிருந்தா அட்மிட் பண்ணி ட்ரிப்ஸ் ஏத்த வேண்டியதுதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். நர்ஸ் வாசல்வரை வந்து, "ரத்தமும் கம்மியா இருக்கு சார். பச்சைக் கீரை, பழம் எல்லாம் போட்டு ஸ்மூத்தி மாதிரி அரைச்சுக் குடுங்க" என்றாள்.

வரும் வழியில் மனைவி வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சொன்னாள்: "என்னை ஆஸ்பத்திரியில மட்டும் போட்டுடாதீங்க. நான் எந்திரிச்சு வரமாட்டேன்." பல் போனால் சொல் போகும் என்பார்கள். அவள் விஷயத்தில் சொல் போகவில்லை. ஆனால் இதை மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

அடுப்படிப் பக்கம் ஒதுங்காதவருக்கு "பச்சை" என்ற ஒரு சொல் காதில் விழுந்ததும் தெம்பு வந்துவிட்டது. பச்சைதானே, அதில் நாற்பது வகை தெரியும்!

முதல் நாள் பசலைக்கீரை, பச்சை ஆப்பிள், தோலோடு வெள்ளரிக்காய், ஒரு கிளாஸ் பால். வெளிறிப்போயிற்று. "வெள்ளை ஏறிடுச்சு" என்று மறுநாள் பாலை நிறுத்தினார். வாழைப்பழம் மஞ்சளைத் தூக்கும் என்று அரைப் பழத்தோடு நிறுத்திக்கொண்டார். மனைவிக்குப் பிடித்த கறுப்புத் திராட்சை குளிர்ப்பெட்டியில் ஒரு கொத்து இருந்தது. பச்சையில் அதைப் போட்டால் சகதிதான் மிஞ்சும் என்று தொடவே இல்லை. ஒவ்வொரு நாளும் மிக்ஸி மூடியில் ஒரு பொட்டு வைத்து, காய்ந்தால் எப்படி இருக்கிறது என்றும் பார்த்துக்கொண்டார்.

மனைவி இரண்டு வாய் குடிப்பாள். "வெச்சுட்டுப் போங்க, அப்புறம் குடிக்கிறேன்" என்பாள். சாயங்காலம் வந்து பார்த்தால் கண்ணாடி டம்ளர் வைத்தது வைத்தபடி இருக்கும். மேலே பழுப்பு ஏடு கட்டியிருக்கும். நிறம் மாறுவதால்தான் குடிக்கப் பிடிக்கவில்லை என்று அவர் முடிவு கட்டினார். நறுக்கிய ஆப்பிள் கறுக்காமல் இருக்க எலுமிச்சை பிழிவார்களே, அதேபோல் அரை மூடி பிழிந்தார். மறுநாள் ஒரு மூடி முழுக்க.

ஐந்தாம் நாள் பச்சை பிரமாதமாக அமைந்தது. இளந்தளிரில் வெயில் பட்ட மாதிரி. மாடியில் குடியிருக்கும் கொழுந்தியா இறங்கி வந்தவள், டம்ளரை எடுத்து ஒரு வாய் உறிஞ்சினாள். முகம் அஷ்டகோணலாயிற்று.

"மாமா, இது அக்காவுக்கா, இல்ல செவுத்துக்கா?"

"ஏம்மா, நல்லாத்தானே வந்திருக்கு?"

"பாக்க நல்லாத்தான் இருக்கு. நீங்க குடிச்சுப் பாத்தீங்களா?"

கடையில் முதல் சட்டமே கை வாய்க்குப் போகக்கூடாது என்பதுதான். ஈயமோ என்ன எழவோ, எதில் எது இருக்கும் என்று யார் கண்டார்கள்? இருபத்தெட்டு வருஷத்தில் தான் கலக்கிய எதையும் அவர் நாக்கில் வைத்ததில்லை. இதையும் வைக்கவில்லை, அப்படி ஒன்று செய்ய வேண்டும் என்றே தோன்றவில்லை.

இப்போது வைத்தார். முனை வெட்டாத வெள்ளரியின் கசப்பு முதலில் வந்தது. பின்னாலேயே பச்சைக் கீரையின் நெடி, அதற்கும் பின்னால் தாடையைக் கூசவைக்கும் எலுமிச்சை. பல் இருக்கிற தனக்கே இப்படி என்றால், தையல் ஆறாத ஈறில் இது எப்படி இறங்கியிருக்கும்?

"எரிஞ்சிருக்குமே. ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" என்று மனைவியைக் கேட்டார்.

"முப்பது வருஷத்துல வெந்நி வெச்சுக் குடுத்திருப்பீங்களா? இதுல குத்தம் சொன்னா இதுவும் நின்னு போயிடும்னுதான்." துண்டுக்குப் பின்னால் அவள் சிரித்த மாதிரி இருந்தது. "நாலு நாளா துளசிச் செடிக்குக் கூட ஊத்தல. பாவம், அது என்ன பண்ணுச்சு? நீங்க சாயங்காலம் பாத்துட்டுப் போனப்புறம் சிங்க்குலதான் ஊத்தினேன்."

"அட பாவி!"

"ருசி பாக்காமலே குடுத்த நீங்க மட்டும்?"

கொழுந்தியா ஜாடியைக் கழுவி வைத்தாள். "கீரையை வெந்நியில ஒரு முக்கு முக்குங்க மாமா, நெடி போயிடும். எலுமிச்சையைக் கண்ணுலயே காட்டாதீங்க."

கீரையை முக்கிப் பிழிந்தார். வெள்ளரியைத் தோல் சீவி இரு முனையும் வெட்டினார். முழு வாழைப்பழம், கனிந்த மாம்பழத்தில் பாதி, மறுபடி பால். குடித்துப் பார்த்தார். பரவாயில்லை. மாம்பழத்தின் மீதியையும் போட்டார். குடித்துப் பார்த்தார்.

"அந்தத் திராட்சை..." என்றாள் மனைவி.

கை ஒரு கணம் தயங்கியது. கடையில் இப்படி ஒரு டப்பா அமைந்தால் பின்வாசலில் கொண்டுபோய்க் கவிழ்த்திருப்பார். கொட்டையை எடுத்துவிட்டு இருபது திராட்சையைப் போட்டு அரைத்தார். மூடியைத் திறந்து பார்த்தார். மழை நாளில் லாரி சக்கரம் கிளப்பும் சேற்றின் நிறமேதான்.

கண்ணாடி டம்ளரைத் தள்ளிவைத்துவிட்டு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். மனைவி ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். பிறகு டம்ளரை இறக்கவே இல்லை. மேலுதட்டில் சேற்றுக் கோடு ஒன்று மிஞ்சியது.

"இன்னும் இருக்கா?"

ஜாடியில் கால் டம்ளர் இருந்தது. அதையும் ஊற்றினார்.

திங்கள்கிழமை முள் நாற்பத்திரண்டைத் தாண்டி ஒரு கோட்டில் நின்றது. டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார். "பச்சையா நல்லா வந்துச்சா சார்?" என்று நர்ஸ் ஆசையாகக் கேட்டாள்.

"அதை மட்டும் கேக்காதீங்கம்மா."

வீட்டுக்கு வந்ததும் மிக்ஸி மூடியில் ஒட்டியிருந்த ஐந்து பச்சைப் பொட்டுகளையும் ஈரத்துணியால் துடைத்தார். கீரை இரண்டு பிடி, வாழை ஒன்று, மாம்பழம் ஒன்று, வெள்ளரி பாதி, பால் ஒரு கிளாஸ், திராட்சை இருபது என்று பேனாவால் எழுதினார். பக்கத்தில் பொட்டு மட்டும் வைக்கவில்லை.