அளக்க வரும் நாளும் அம்மாவின் மாத்திரையும்

ஆடு அறுக்கும் தொட்டியில் வாங்கி வந்த ஆட்டு ரத்தக்குழாய்த் துண்டு அது. மோதிரம் போல நறுக்கி உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, அதில் கட்டிய நூலை, தாளில் கோடு போடும் முள்ளோடு இணைத்திருந்தேன். சேலத்தில் மருந்தியல் படித்த காலம். மூன்று வாரமாக ஒரு துண்டும் அசையவில்லை. என் கை ராசி அப்படி என்று கூடப் படித்தவர்கள் கேலி செய்தார்கள்.

அன்று பொட்டாசியம் கரைசலை விட்டதும் கோடு விறுவிறுவென ஏறியது! குழாய்ச் சுவரிலுள்ள மென்தசைக்குள் கால்சியம் நுழைகிறது, தசை இறுகுகிறது. அடுத்து, ஏற்காட்டில் என் அம்மா சாப்பிடும் அதே ரத்த அழுத்த மருந்தில் ஒரு சொட்டு விட்டேன். கால்சியம் நுழையும் வாசலை அது அடைத்துவிடும் என்று எத்தனையோ முறை படித்ததுதான். ஆனால் கோடு சரசரவென்று இறங்கியதைக் கண்ணால் பார்த்ததும் கத்தியே விட்டேன். அம்மாவின் உடம்பிலும் ஒவ்வொரு சின்னக் குழாயும் இப்படித்தானே தளர்ந்து வழிவிடும்! அப்பாவைப் பக்கவாதத்துக்குப் பறிகொடுத்த எனக்கு வேறென்ன வேண்டும்?

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மெதுவாகத் திருப்பிய டிரைவர் மேல் எரிச்சலாக வந்தது.

அம்மா எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவள். வாசலில் உட்கார்ந்து சாக்குப்பை தைத்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். விரல்களை வளையமாக்கி இறுக்கிக் காட்டினேன், தளர்த்திக் காட்டினேன்.

"அட, நெசமாவா கண்ணு!" என்றாள் அம்மா. என் பரபரப்பு அவளுக்கும் தொற்றிக்கொண்டது. "அப்பறம்?"

"மருந்தக் கழுவிட்டு மறுக்கா பொட்டாசியம் விட்டேன். பழையபடி இறுகிருச்சும்மா. மருந்து இருக்கற வரைக்குந்தான்."

அம்மாவின் முகம் மாறியது. உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். அட்டை அட்டையாக, பிரிக்காத மாத்திரைகள்.

"எஸ்டேட்டு கம்பவுண்டரு செவ்வாக்கெழமதான பிரஷரு அளக்க வருவாரு? அன்னிக்குக் காத்தால மட்டும் போட்டுக்குவேன் சாமி. நொம்ப நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டுப் போவாரு."

எங்கள் எஸ்டேட் வழக்கமே அதுதான். மேனேஜர் பார்வையிட வரும் நாளில் பாதையோரக் களையை மட்டும் பிடுங்கி வைப்பார்கள். அவரும் மெச்சிவிட்டுப் போவார். உள்ளே இடுப்பளவு களை நிற்கும். அம்மா தன் ரத்தக்குழாய்களையும் அதே முறையில் பராமரித்திருக்கிறாள்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, கூடவே பயமும். மற்ற ஆறு நாளும் அவை சத்தமில்லாமல் இறுகித்தான் கிடந்திருக்கும்.

"எனக்கு வலி ஒண்ணும் இல்லியே கண்ணு" என்றாள்.

"அப்பாவுக்கும் வலிக்கலதானம்மா?" என்றேன்.

அம்மா என்னைப் போலவே விரல்களை வளைத்து, இறுக்கி, மெல்லத் தளர்த்திப் பார்த்தாள். பிறகு அட்டையைப் பிரித்து ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

அளக்க யாரும் வராத ஞாயிற்றுக்கிழமை அது.